காய்கள் ஏன் நகர்வதில்லை?

பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் போடுங்கள். 20 புளியங்கொட்டை, 20 வேப்பங்கொட்டை எடுத்துக் கட்டத்துக்கு ஒன்றாக, எந்த ஒழுங்கும் பார்க்காமல் அங்கங்கே வையுங்கள். மீதி 24 கட்டங்கள் காலி. ஒவ்வொரு கொட்டையும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு விதி ஒன்றே ஒன்றுதான். அக்கம்பக்கத்து வீடுகளில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இருந்தால் அந்தக் குடும்பம் அசையாது. அதற்கும் குறைந்தால் வேறு காலிக் கட்டம் பார்த்துக் குடிபெயரும்.

இந்தக் குடும்பங்கள் வெறி பிடித்தவை அல்ல. சுற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு மற்ற வகையினர் இருந்தாலும் அவற்றுக்குச் சம்மதமே. ‘நாம் மட்டும் தனியாகிவிடக் கூடாது’ என்ற சின்ன எதிர்பார்ப்பு மட்டுமே உண்டு. ஆனாலும் பொறுமையாக நகர்த்திக்கொண்டே போனால், எல்லாரும் திருப்தியாகி ஆட்டம் நிற்கும்போது தாளில் இருப்பது கலவையாக இருக்காது. புளியங்கொட்டைகள் ஒரு பக்கமும் வேப்பங்கொட்டைகள் ஒரு பக்கமும் திட்டுத் திட்டாகச் சேர்ந்திருக்கும். பெரிய பலகையில் கணினியை ஆட விட்டால், ஒவ்வொரு குடும்பத்தின் அக்கம்பக்கத்திலும் சராசரியாக 70 விழுக்காடு தன் வகையாகவே வந்து முடிகிறது. யாரும் 70 விழுக்காடு கேட்கவில்லை. 33-தான் கேட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். கணினி கைக்கு எட்டாத நாளில், வீட்டில் நாணயங்களை வைத்தே ஆடிப் பார்த்தார். 1971-ல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். 2005-ல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசு முரண்பாடு, ஒத்துழைப்பு பற்றிய அவருடைய பிற ஆய்வுகளுக்கானது என்றாலும், கல்லூரிகளில் அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது இந்தக் காசு ஆட்டம்தான். அமெரிக்க நகரங்களில் கறுப்பர் தெருவும் வெள்ளையர் தெருவும் ஏன் இப்படிப் பிளந்து கிடக்கின்றன என்பதுதான் அவரை உறுத்திய கேள்வி.

ஆட்டத்தின் இரண்டாம் பாதியைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் அதிசயமாகப் படுகிறது. காய்கள் பிரிந்து நின்றபின் விதியைத் தூக்கிவிடுங்கள். இனி யாருக்கும் எந்த எதிர்பார்ப்பும் இல்லை, யார் பக்கத்தில் யார் இருந்தாலும் சரி. இப்போது என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. யாருக்கும் குறை இல்லை என்பதால் யாரும் நகர்வதில்லை. எதிர்பார்ப்பு போய்விட்டது, பிரிவினை அப்படியே இருக்கிறது.

புதுச்சேரியில் வில்லியனூர் கம்யூனிலோ பாகூர் கம்யூனிலோ உள்ளே போகும் பேருந்து ஒன்றில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் இந்த நின்றுபோன ஆட்டத்தை நேரில் பார்க்கலாம். பேருந்து நிற்பது பெரும்பாலும் ஊருக்குள். கோயில், குளம், பால் சொசைட்டி, டீக்கடை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். அங்கிருந்து ஒரு சாலை வயலுக்குள் இறங்கும். ஒரு வாய்க்கால் மதகு வரும். அதைத் தாண்டினால் அம்பேத்கர் படம் போட்ட பலகை, ஒரு மாரியம்மன் கோயில், வரிசையாக அரசு கட்டித்தந்த வீடுகள். இந்தப் பக்கத்தில் அதைப் பேட் என்பார்கள், காலனி என்றும் சொல்வார்கள். நடுவில் இருப்பது நாலைந்து வயல் அகலம். சைக்கிளில் சில நிமிடம்தான். காவல் கிடையாது, வேலி கிடையாது. பள்ளிக்கூடம், ரேஷன், நூறு நாள் வேலை எல்லாவற்றிலும் இரு பக்கத்தாரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். வீடு மட்டும் கோட்டைத் தாண்டுவது அபூர்வம்.

ஷெல்லிங்கின் காய்களுக்கும் இந்த வீடுகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அது அறிவியல் பெயரில் வரலாற்றை மறைப்பதாகிவிடும். அவருடைய காய்கள் விரும்பிய இடத்துக்குப் போகலாம். நம் ஊர்களில் காய்கள் தாமாக நகர்ந்து பிரியவில்லை. இடத்தைக் குறித்துக் கொடுத்து உட்காரவைத்தார்கள். அதற்குக் கல்லில் வெட்டிய சாட்சி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக வருகின்றன. சுடுகாடும் ஒன்றல்ல, பறைச்சுடுகாடு தனி. வரிக் கணக்கருக்கு அது வெறும் நில வகை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தூரம் நிலப்பதிவேட்டில் ஏறிவிட்டது என்பதுதான் நமக்கு அது சொல்லும் சேதி.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது இந்தக் கோட்டின் மேல் இன்னொரு கோட்டைப் போட்டார்கள். கடலோரம் வெள்ளையர் நகரம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் நகரம், அதாவது அவர்கள் வாயில் ‘கறுப்பு நகரம்’. அந்தக் கறுப்பு நகரத்துக்குள்ளும் தெருக்கள் சாதிவாரியாகவே அமைந்தன. வெள்ளாளர் வீதி, கோமுட்டித் தெரு, வைசியாள் வீதி என்ற பெயர்களே அதைச் சொல்லும். தாழ்த்தப்பட்டோர் இந்தச் சதுர வீதிகளுக்கும் வெளியே இருந்தார்கள்.

இரண்டு கோடுகளும் ஒரே கட்டடத்துக்குள் மோதிய நாள் ஒன்றைப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டு 1745. புதுச்சேரியில் இயேசு சபையார் கட்டிய சம்பாக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், கலப்பினத்தார், ஐரோப்பியர். ஐரோப்பியரும் சாதித் தமிழரும் சேர்ந்து உட்காரலாம், பறையர் மட்டும் சுவருக்கு அப்பால் என்ற ஏற்பாட்டைக் கவனியுங்கள். நிறக் கோட்டைக் காட்டிலும் சாதிக் கோடு அழுத்தமாகப் போடப்பட்டிருந்தது. சுவருக்கு அப்பால் இருந்தவர்கள் பாதிரியாரிடம் திரண்டுபோய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே மறு தரப்பு கொதித்தது. பிள்ளை இதை எழுதும் தொனியில் பெரிய அனுதாபம் எதுவும் கிடையாது, ஊரில் நடந்த ஒரு கலகத்தைப் பதிவு செய்யும் வணிகரின் கவனம்தான் தெரிகிறது. அதனாலேயே அது நல்ல சாட்சியம். அமெரிக்கா என்ற நாடே பிறக்காத காலத்தில், பிரிவினைச் சுவர் ஒன்றை எதிர்த்துப் புதுச்சேரித் தமிழர் கூட்டமாகப் போய் வென்றிருக்கிறார்கள்.

இதற்குப் பின் வந்த பிரெஞ்சு அரசு ஒரு விசித்திரம் செய்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்குச் சொன்ன புரட்சிக்கு முப்பது ஆண்டு கழித்து, 1819 சனவரி 6-ல் இங்கே போட்ட ஆணையில், இந்தியர்கள் அவரவர் சாதிச் சட்டப்படியும் வழக்கப்படியும்தான் நியாயம் பெறுவார்கள் என்று எழுதிக் கொடுத்தது. 1820-களில் ஆளுநர் தெபாசின் தெ ரிஷ்மோன் காலத்தில் பள்ளிகள் வந்தபோதும் வெள்ளையருக்கு ஒன்று, சாதித் தமிழருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று எனத் தனித்தனியாகவே வந்தன.

இந்தக் கோட்டை உரசிப் பார்த்தது ஒரு செருப்பு. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பாணிக் காலணி போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் காலணியோடு உள்ளே வரக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். அவர் விடவில்லை. வழக்கைப் பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் வென்றார். எட்டு ஆண்டு கழித்து, 1881 செப்டம்பர் 21-ல் இன்னொரு ஆணை வந்தது. ஒருவர் தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறப்பதாகப் பதிவேட்டில் கையெழுத்திட்டால், அன்று முதல் அவருக்குப் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் பொருந்தும். ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சேர்த்தே அது செல்லும். ‘ரெனோன்சான்’ என்று இவர்களைச் சொன்னார்கள். பொன்னுத்தம்பியும் கையெழுத்திட்டு லாபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். ஒரு கையெழுத்தில் சாதியைக் கழற்றி வைக்கலாம் என்று ஓர் அரசு சட்டம் போட்டது உலகில் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. தாழ்த்தப்பட்ட பிரிவினரும் கிறிஸ்தவர்களும் பலர் கையெழுத்திட்டார்கள்.

கையெழுத்திட்டவர்கள் சமமாகிவிட்டார்களா? 1884-ல் பதில் கிடைத்தது. வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், துறந்தவர்கள், துறக்காதவர்கள். சட்டப்படி பிரெஞ்சுக்காரர் ஆனவருக்கும் தனிப் பட்டியல்தான். ஐரோப்பியர் எண்ணிக்கை மிகச் சிறியது, ஆனாலும் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. 1899-ல் மூன்று பட்டியல் இரண்டானது. எல்லாருக்கும் ஒரே பட்டியல் என்பது இரண்டாம் உலகப் போர் முடியும் வரை வரவில்லை. இதற்கிடையில் 1880-ல் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு முறைப்படி கம்யூன்கள் ஆகியிருந்தன. மேயர், ஆலோசனை மன்றம், பிறப்பு இறப்புப் பதிவேடு எல்லாம் வந்தன. கிராமத்து வரைபடத்தில் ஒரு வீடும் இடம் மாறவில்லை.

1954 அக்டோபர் 18-ல் வில்லியனூருக்கு மேற்கே கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய, 8 பேர் எதிராக. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். தீண்டாமையைக் குற்றமாக்கிய 1955-ம் ஆண்டு மத்தியச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது 1963-ல்தான். ஆக, கடைவீதி, கிணறு, கோயில், பள்ளி என்று எங்கும் தடுக்கக் கூடாது என்ற சட்டம் இந்த மண்ணுக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. அமெரிக்காவில் பொது இடப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைச் சட்டம் 1964-ல் வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது.

நகரத்து நிறக் கோடும் கிராமத்துச் சாதிக் கோடும் இதன் பிறகு வேறு வேறு வழியில் போயின. நகரத்தில் கோடு போட்டவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். வீடுகள் விலைக்கு வந்தன, பணம் உள்ளவர் வாங்கினார். இன்று ஒயிட் டவுன் என்பது காபிக்கடைக்கும் கலியாணப் புகைப்படத்துக்கும் ஆகும் ஒரு சுற்றுலாப் பெயர். எதிலிருந்து பிரித்து அந்தப் பெயர் வந்தது என்று சுவரோரம் நின்று செல்பி எடுப்பவர்கள் யோசிப்பதில்லை. கிராமத்தில் கோடு போட்டவர்கள் எங்கும் போகவில்லை. ஊர் மனை சந்தைக்கு வருவதும் அரிது. பங்காளிக்குள், சொந்தத்துக்குள் கைமாறும். விலைக்கு வந்தாலும் யாருக்கு விற்பது என்பதில் ஊரின் கண் இருக்கும். அதைச் சட்டத்தால் பிடிக்க முடியாது. விற்காமல் இருப்பது குற்றம் ஆகாது.

இந்தக் கோட்டை அளக்க முடியுமா? முடியும். சமூகவியலில் ‘வேறுபாட்டுக் குறியீட்டெண்’ என்று ஒன்று உண்டு. 1955-ல் ஓட்டிஸ் டங்கனும் பெவர்லி டங்கனும் அதைப் பரவலாக்கினார்கள். கணக்கு எளியது. ஓர் ஊரில் இரண்டு பிரிவினர் இருக்கிறார்கள். எல்லாத் தெருவிலும் அவர்கள் ஒரே விகிதத்தில் அமைய வேண்டுமானால், ஒரு பிரிவில் நூற்றுக்கு எத்தனை பேர் வீடு மாற வேண்டும்? அந்த எண்தான் குறியீடு. முழுக்கக் கலந்திருந்தால் 0, ஒருவர் தெருவில் மற்றவர் ஒருவர்கூட இல்லையென்றால் 100. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர்ப்பகுதி 1970-ல் 88-ஐத் தொட்டது. அந்நாட்டின் மிக மோசமான எண்களில் அது ஒன்று.

நம் கிராமத்தை அளக்கப் போனால் முதலில் கணக்கே ஏமாற்றும். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் 12,47,953 பேரில் பட்டியலினத்தார் 15.7 விழுக்காடு. வருவாய்க் கிராமம் ஒன்றை எடுத்தால் பெரும்பாலும் எல்லாச் சாதியும் அதில் இருக்கும். கிராமத்தை ஓர் அலகாக வைத்தால் காகிதத்தில் நல்ல கலப்பு. பேட் அதே கிராமத்தின் பெயரில்தான் இருக்கிறது, அதே வாக்குச்சாவடிப் பட்டியலில்தான் வருகிறது. அளவுகோலைத் தெரு மட்டத்துக்கு இறக்கும்போதுதான் உண்மை வெளியே வருகிறது. நவீன் பாரதி, தீபக் மல்கான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கர்நாடகக் கிராமங்களை அப்படி வீட்டுவாரியாக எடுத்துப் பார்த்தார்கள். ஒரே கிராமத்துக்குள் இருக்கும் சாதிப் பிரிவினை, அமெரிக்கத் தென்மாநிலங்களின் உள்ளூர் மட்டக் கறுப்பு–வெள்ளைப் பிரிவினையைவிட அதிகம் என்பது அவர்கள் முடிவு. தமிழ்க் கிராமங்களை இதே முறையில் அளந்தால் எண் குறையும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

டெட்ராய்ட் என்றதும் அங்கே ஒரு சுவரைச் சொல்லாமல் போக முடியாது. 1941-ல் ஒரு கட்டுமான வணிகர், கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கான வீடுகள் கட்ட நிலம் வாங்கினார். வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரும் மத்திய அரசு அலுவலகம் மறுத்தது. கறுப்பர் பக்கத்தில் இருந்தால் கடன் ஆபத்து என்பது அன்றைய அரசுக் கொள்கை. நகர வரைபடங்களில் அப்படிப்பட்ட பகுதிகளைச் சிவப்பால் தீட்டியே வைத்திருந்தார்கள். வணிகர் யோசித்தார். இரண்டு குடியிருப்புக்கும் நடுவில் 6 அடி உயரம், 1 அடி தடிமன், அரை மைல் நீளத்தில் ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார். கடன் உத்தரவாதம் கிடைத்துவிட்டது. 1948-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பருக்கு வீடு விற்கத் தடை சொல்லும் பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. சேர்ந்து வந்த வழக்குகளில் ஒன்று டெட்ராய்ட்டைச் சேர்ந்தது. 1968-ல் வீட்டு விற்பனையில் பாகுபாடே கூடாது என்று சட்டம் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுக்குப் பிந்தைய கணக்குதான் மேலே சொன்ன 88. சட்டம் விதியைத் தூக்கியது, காய்கள் கலக்கவில்லை. வெள்ளையர் புறநகருக்குப் போய்விட்டார்கள். சுவர் இன்றும் நிற்கிறது. அதன் இரு பக்கமும் இப்போது பெரும்பாலும் கறுப்பர்களே குடியிருக்கிறார்கள். ஒரு பகுதியில் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள்.

நமக்கும் அப்படி ஒரு சுவர் இருந்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-ல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் அரசு இடித்துத் திறந்தது. நாடே பேசியது. ஆனால் சுவர் கட்டத் தேவை வந்த ஊர்கள் சில. மற்ற ஊர்களில் வயலும் வாய்க்காலுமே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. நெல் விளையும் வயலை எந்த அதிகாரியும் புல்டோசர் வைத்து இடிக்க முடியாது.

வீட்டுத் தூரத்தோடு இந்தப் பிரிவினை நிற்கவில்லை, திருமணத்திலும் உண்டு. ஐதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும், ஹார்வர்டின் டேவிட் ரைக், பிரியா மூர்ஜானி ஆகியோரும் சேர்ந்து 73 மக்கள் குழுக்களின் மரபணுவைப் படித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மரபணுவில் இரண்டு மூதாதை வழிகளின் துண்டுகள் எவ்வளவு நீளத்தில் பின்னிக் கிடக்கின்றன என்று பார்த்தால் கலப்பு எப்போது நடந்தது என்று கணக்கிடலாம். தலைமுறைக்குத் தலைமுறை துண்டுகள் சின்னதாகிக்கொண்டே போகும் என்பதுதான் சூத்திரம். கிட்டத்தட்ட 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு முன்பு வரை இந்தியத் துணைக்கண்டத்தில் எல்லாரும் எல்லாரோடும் கலந்திருக்கிறார்கள். தாழ்ந்தவர், உயர்ந்தவர், காட்டில் இருந்தவர் என்று யாரும் விலக்கில்லை. அதன்பின் கலப்பு ஏறக்குறைய நின்றுபோனது. இதைக் கோட்டுக்கு ஆதரவாகவும் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், தொன்றுதொட்டு இப்படித்தான் என்று. தவறு. தொன்றுதொட்டு நடந்தது கலப்பு. பிரிவினை இடையில் வந்தது.

சரி, நின்றுபோன ஆட்டத்தை மறுபடி ஓட்டுவது எப்படி? 2014-ல் வை ஹார்ட், நிக்கி கேஸ் என்ற இருவர் ஷெல்லிங்கின் ஆட்டத்தை இணையத்தில் யாரும் ஆடும்படி அமைத்து, ஒரு விதியைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுற்றிலும் எல்லாருமே தன் வகையாக இருந்தால் அதுவும் பிடிக்கவில்லை என்று காய்கள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்தச் சின்ன எதிர்பார்ப்பு வந்ததும் திட்டுகள் கரையத் தொடங்குகின்றன. பாகுபாடு இல்லாமல் இருப்பது பலகையை அசைக்காது, கலப்பை விரும்பிக் கேட்டால் அசையும்.

மக்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் அரசே காய்களை வைத்த முயற்சிகளும் உண்டு. தமிழ்நாட்டில் சமத்துவபுரம் அப்படித்தான் வந்தது. மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-ல் முதலாவது திறக்கப்பட்டது. 100 வீடு. 40 தலித் குடும்பங்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. வீடுகள் கலந்தே ஒதுக்கப்பட்டன. எளிய எண்கணிதம், ஆனால் ஆயிரம் ஆண்டில் யாரும் போடாத கணக்கு. குறை என்னவென்றால் இது ஊருக்கு வெளியே இன்னொரு ஊர். பழைய ஊரும் பழைய காலனியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

சிங்கப்பூர் வேறு வழி எடுத்தது. அங்கே பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்ககங்களில்தான் குடியிருக்கிறார்கள் என்பதால், 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தது. வரம்பு நிறைந்துவிட்டால் அந்த இனத்தார் புதிதாக வர முடியாது. இதனால் அங்குள்ள தமிழர் சிலர் தங்கள் வீட்டை விற்க ஆள் கிடைக்காமல் விலை குறைத்து விற்கும்படி ஆகிறது என்ற குறையும் நெடுநாளாக இருக்கிறது. சிறுபான்மையைக் காக்கப் போட்ட விதி சிறுபான்மையின் பையில் கை வைக்கிறது. ஆனாலும் தனித் தமிழ்ச் சேரி என்றோ தனி மலாய்க் கம்பம் என்றோ அங்கே புதிதாக ஒன்று உருவாகவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

பக்கத்தில் குடிவைத்தால் மனம் மாறுமா என்ற சந்தேகம் நியாயமானது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று நம் நாட்டுக் கிராமத்திலேயே நடந்தது, அதுவும் கிரிக்கெட்டை வைத்து. மேட் லோவ் என்ற பொருளாதார ஆய்வாளர் வாரணாசிப் பகுதியில் 1,261 இளைஞர்களைத் திரட்டி லீக் போட்டிகள் நடத்தினார். குலுக்கல் முறையில் சிலரை ஒரே சாதி அணியிலும் சிலரைப் பல சாதி கலந்த அணியிலும் போட்டார். முடிவு 2021-ல் வெளிவந்தது. கலப்பு அணியில் ஆடியவர்களுக்குப் பிற சாதி நண்பர்கள் கூடினார்கள். சொந்தச் சாதிக்காரனுக்கே வாக்களிக்கும் போக்கும் தளர்ந்தது. ஆனால் பிற சாதியினரை எதிரணியில் மட்டுமே சந்தித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, பார்க்கப்போனால் விலகல்தான் வளர்ந்தது. அறுவடை முடிந்த வயலில் ஊர் அணியும் காலனி அணியும் மோதும் பொங்கல் போட்டிகளை நடத்துகிறவர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டும். போட்டி நல்லதுதான், அணி பிரிக்கும் விதத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒரே அணியில் நின்று ஒரே ரன்னுக்கு ஓட வேண்டும்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்து இழுத்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை. வேறு மதத்தவர், வேறு நிறத்தவர் வடம் பிடிக்கலாம் என்பதை இந்த மண் எளிதாக ஏற்றுக்கொண்டது. ஆனால் சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித் மக்கள் வடம் பிடிப்பதற்கு உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த ஆளுநர் வடத்துக்குப் பக்கத்தில் நிற்க முடிந்தது. நாலு வயல் தள்ளி இருப்பவரால் முடியவில்லை. கோட்டின் நீளத்தை மைலில் அளந்து பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி நடக்கப்போகும் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோட்டைப் போட்டவர்கள் மன்னர் காலத்து ஆட்கள் என்றால், அதை ஆண்டுதோறும் புதுப்பிப்பது நம் காலத்து வீட்டுவசதித் திட்டங்கள். பட்டியலினத்தாருக்கு இலவச மனைப்பட்டா கொடுக்க நிலம் தேடும்போது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் காலனியின் விளிம்பை ஒட்டியே எடுக்கிறார்கள். அங்கே நிலம் மலிவு. தண்ணீர்க் குழாய், மின்கம்பம் பக்கத்தில் இருக்கும். உறவினருக்கு நடுவில் இருப்பதையே பயனாளிகளும் விரும்புவார்கள். ஊர் பக்கம் எதிர்ப்பும் வராது. ஒவ்வொரு காரணமும் தனித்தனியே நியாயம்தான். எல்லாம் சேர்ந்து செய்வது, பழைய கோட்டுக்கு அரசுச் செலவில் கான்கிரீட் போடுவது. அமெரிக்காவில் கடன் அலுவலகம் செய்ததை இங்கே கோப்பு செய்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் தேவைப்படவில்லை.

இதை யார் தட்டிக் கேட்பது? கம்யூன் மன்றம் கேட்கலாம். அதற்குத்தான் அது இருக்கிறது, பட்டியலினத்தாருக்கு அதில் ஒதுக்கீடும் உண்டு. ஆனால் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, பிறகு 38 ஆண்டு கழித்து 2006-ல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தபின் வில்லியனூரையும் பாகூரையும் நடத்துவது அதிகாரிகள்தான். ஆகவே இப்போதைக்குக் கேட்க வேண்டிய இடம் உங்கள் சட்டமன்ற உறுப்பினர். அடுத்த முறை உங்கள் கிராமத்தில் மனைப்பட்டாவுக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் இரண்டு கேள்வியோடு போங்கள்: அந்த நிலம் ஊருக்கும் பேட்டுக்கும் நடுவில் இருக்கும் வயலில் ஏன் இருக்கக் கூடாது? எல்லாப் பிரிவு ஏழைகளுக்கும் சேர்த்துக் குலுக்கல் போட்டு ஏன் ஒதுக்கக் கூடாது?